எத்தனை டிகிரி, எங்கே வைத்துப் பார்த்தீர்கள்?

வாசகர் கேள்வி – குழந்தை நல மருத்துவர் பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் காய்ச்சலைப் பற்றியவையே மிகுதியாக இருக்கும். இம்முறை அவற்றில் பல, மருந்தைப் பற்றிக் கேட்காமல் தெர்மாமீட்டரைப் பற்றிக் கேட்டிருக்கின்றன. எனக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி. இரவு நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, ‘குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது டாக்டர்’ என்று சொல்லும் பெற்றோருக்கும், ‘அக்குளில் 101.4 இருக்கிறது, அரை மணி நேரத்துக்கு முன்பு பார்த்தேன்’ என்று சொல்லும் பெற்றோருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தையும் ஐந்து வயது மகனும் இருக்கிறார்கள். தெர்மாமீட்டர் வாங்க மருந்துக் கடைக்குப் போனால், பேனா போன்ற டிஜிட்டல் கருவி, நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் துப்பாக்கி வடிவக் கருவி, காதில் வைக்கும் கருவி என்று பலவற்றைக் காட்டுகிறார்கள். விலை கூடியதுதான் சரியாகக் காட்டும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?
– வாசகி, மதுரை

பதில்: முனை வளையக்கூடிய, பேனா வடிவ டிஜிட்டல் தெர்மாமீட்டரை வாங்குங்கள். உங்கள் இரண்டு குழந்தைகளுக்கும் அது ஒன்றே போதும். சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும் அந்தக் கருவியின் உலோக முனைக்குள், வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறக்கூடிய தெர்மிஸ்டர் என்னும் சிறிய உறுப்பு இருக்கிறது. அது உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்து அதன் வெப்பத்தை நேரடியாக அளக்கிறது. தரமான கருவியில் காய்ச்சல் வரம்புக்குள் ஏற்படும் பிழை பெரும்பாலும் 0.2 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் அடங்கிவிடும். நெற்றிக் கருவியும் காதுக் கருவியும் உடம்பு வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களை உணர்ந்து, அதிலிருந்து கணக்கிட்டு ஓர் எண்ணைச் சொல்கின்றன. அவற்றுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலை வேகத்துக்கும் வசதிக்கும் உரியது; துல்லியமும் அதே அளவுக்குக் கூடிவிடும் என்று எண்ணி வாங்க வேண்டாம்.

காதுக் கருவி, வைக்கத் தெரிந்தவர் கையில் நல்ல கருவிதான். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் காதுக்குழாய் மிகவும் குறுகலாக இருப்பதால் அவர்களுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும், காது மடலை மெதுவாக இழுத்துக் குழாயை நேராக்கி, முனை செவிப்பறையை நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும். கோணம் சற்றுத் தவறினாலும் குழாயின் சுவரை அளந்து குறைத்துக் காட்டிவிடும். காதில் குறும்பி அடைத்திருந்தாலும், குழந்தை அந்தப் பக்கமாகவே ஒருக்களித்துத் தூங்கி எழுந்திருந்தாலும் அளவு மாறும். நெற்றியில் ஒட்டும் நிறம் மாறும் பட்டையையும், சூப்பான் வடிவத் தெர்மாமீட்டரையும் நம்பி வாங்காதீர்கள்.

வாங்கும்போது கடையிலேயே பெட்டியைப் பிரித்து ஒருமுறை இயக்கிப் பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் பெரும்பாலான கருவிகளின் திரையில் எல்லாக் கோடுகளும் ஒன்றாகத் தோன்றி 188.8 என்பது போன்ற எண் தெரியும். ஏதேனும் ஒரு கோடு விடுபட்டிருந்தால் பின்னர் 8 என்பது 6 ஆகவோ 9 ஆகவோ தெரியக்கூடும் என்பதால் அந்தக் கருவியை ஒதுக்கிவிடுங்கள். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் வரையறைக்குள் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. ஆகவே உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் இல்லாத பெட்டியில் வரும் கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது. அக்குளில் வைத்துப் பார்த்தால் ஒருமுறை 98.4 காட்டுகிறது, ஐந்து நிமிடம் கழித்து 99.8 காட்டுகிறது. கருவி பழுதா, நான் வைக்கும் முறை தவறா? அக்குளில் பார்த்தால் ஒரு டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும் என்று என் மாமியார் சொல்கிறார். அது சரியா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: கருவியைக் குறை சொல்வதற்கு முன்பு முறையைச் சரிபார்த்துவிடுவோம். எனக்குத் தெரிந்தவரை அக்குள் அளவு தவறிப்போவதற்குப் பெரும்பாலும் முனை இருக்கும் இடமே காரணம். சட்டையைக் கழற்றாமல், கழுத்துப் பக்கமாகக் கருவியை உள்ளே நுழைத்து வைத்தால், அதன் முனை அக்குளைக் கடந்து முதுகுப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். காற்றை அளக்கும் அந்த முனை 97, 98 என்றுதான் காட்டும்.

குழந்தையை மடியில் உட்கார வைத்து, ஒரு பக்கத் தோளை மட்டுமாவது சட்டையிலிருந்து விடுவியுங்கள். அக்குளில் வியர்வை இருந்தால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் சூடாகிவிடும். அக்குளின் நடுவில் ஒரு குழி இருப்பதை விரலால் உணரலாம். கருவியை முன்பக்கத்திலிருந்து சற்று மேல்நோக்கிச் சாய்த்து, உலோக முனை முழுவதும் அந்தக் குழிக்குள் மறையும்படி வைத்து, குழந்தையின் முழங்கையைக் கீழே இறக்கி விலாவோடு சேர்த்து, உங்கள் கையால் அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தோல் பரப்புகளுக்கு நடுவே முனை மூடப்பட்டிருக்க வேண்டும்; துணியோ தாயத்துக் கயிறோ இடையில் இருக்கக் கூடாது. கருவி ஒலி எழுப்பும்வரை பொறுங்கள். பத்து நொடியில் ஒலி எழுப்பும் கருவிகள், வெப்பம் ஏறும் வேகத்தைக் கொண்டு இறுதி அளவை முன்கூட்டியே கணித்துச் சொல்பவை. அக்குளில் அவற்றை ஒலித்த பிறகும் ஒரு நிமிடம் வைத்திருந்தால் சிலவற்றில் எண் சற்று ஏறுவதைக் காணலாம். உங்கள் கருவியுடன் வந்த தாளில் அக்குளுக்கு எவ்வளவு நேரம் என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். குளிப்பாட்டியவுடன், போர்வைக்குள்ளிருந்து எடுத்தவுடன், அழுது ஓய்ந்தவுடன் பார்க்காமல், கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

நான்கைந்து வயதுக்கு மேல், வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் இருக்கக்கூடிய குழந்தைக்கு நாக்கின் அடியில் வைக்கலாம். நடுவில் வைக்காமல், நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பக்கவாட்டில் உள்ள பள்ளத்தில் முனை பதிய வேண்டும். பால், தண்ணீர், ஐஸ்கிரீம் எதுவாக இருந்தாலும் சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது சில நாடுகளில் வழக்கமாக இருக்கிறது. நேரில் கற்றுக்கொள்ளாமல் வீட்டில் அதை முயல வேண்டாம்.

உங்கள் மாமியார் சொல்வதற்கு அடிப்படை உண்டு. அக்குள் அளவு உடம்பின் உள் வெப்பத்தைவிடப் பொதுவாக அரை முதல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாகவே இருக்கும். ஆனால் அந்த வித்தியாசம் எல்லாக் குழந்தைகளிடமும் எல்லா நேரத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நீங்கள் ஒரு டிகிரியைக் கூட்டிச் சொல்லி, நானும் என் பங்குக்கு ஒன்றைக் கூட்டிக்கொண்டால் சாதாரணக் காய்ச்சல்கூடப் பெருங்காய்ச்சலாகிவிடும். கருவி காட்டிய எண்ணை அப்படியே எழுதி, பக்கத்தில் ‘அக்குள்’ என்று குறித்துக்கொள்ளுங்கள். அக்குளில் 99.5, வாயில் 100, காதில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று கொள்ளலாம்.

98.6 என்பதைத் தாண்டிவிட்டாலே நோய் என்று அஞ்சுவோருக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் வுண்டர்லிச் சுமார் 25,000 நோயாளிகளிடம் அளந்து, 1868இல் வெளியிட்ட சராசரிதான் 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 ஃபாரன்ஹீட். அவரும் பெரும்பாலும் அக்குளில்தான் அளந்தார். அந்தக் காலத்துக் கருவியை ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டியிருந்தது. உடம்பின் வெப்பம் விடியற்காலையில் மிகக் குறைந்தும் மாலையில் மிக உயர்ந்தும் இருக்கும் என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். ஓடியாடி விளையாடிவிட்டு வந்த குழந்தைக்கு மாலை ஐந்து மணிக்கு 99 இருப்பது இயல்பு.

கேள்வி: பள்ளி வாசலில் துப்பாக்கி வடிவக் கருவியால் பார்த்தபோது என் மகனுக்கு 97 என்று காட்டி உள்ளே அனுப்பிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் காய்ச்சல் என்று அழைத்து, வந்து கூட்டிப்போகச் சொன்னார்கள். வீட்டில் பார்த்தால் 102. இது எப்படி?
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டு மணி நேரத்தில் காய்ச்சல் ஏறியிருக்கவும் கூடும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் ஏறத் தொடங்கும்போது உடம்பு தன் வெப்பத்தைச் சேமிப்பதற்காகத் தோலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கிறது. கைகால்கள் சில்லிட்டு, குளிர் நடுக்கம் வருவது அதனால்தான். அந்த நேரத்தில் தோலை மட்டும் பார்க்கும் கருவி உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் வெப்பத்தைத் தவறவிடும்.

நெற்றித் தோலின் வெப்பம் உள் வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவு. கருவி அதை அளந்து, தனக்குள் இருக்கும் கணக்கின்படி உயர்த்திக் காட்டுகிறது. வெயிலில் நடந்து வந்த நெற்றி, வியர்த்த நெற்றி, மின்விசிறிக்கு நேராக இருந்த நெற்றி, முடியோ விபூதியோ மறைத்த நெற்றி என எதுவும் அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். கருவி குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து வெளியே வந்தவுடனும் தவறும். பல கருவிகளில் உடம்புக்கு ஒன்று, பால் பாத்திரம் போன்ற பொருள்களின் மேற்பரப்புக்கு ஒன்று என இரண்டு நிலைகள் உண்டு. தெரியாமல் பொருள் நிலைக்கு மாறியிருந்தால் நல்ல காய்ச்சலிலும் 95 என்று காட்டும். கூட்டமாக வருபவர்களைத் தொடாமல் சலித்துப் பார்க்க அது உதவும். வீட்டில் தூங்கும் குழந்தையை எழுப்பாமல் பார்க்கவும் உதவும். மருந்து கொடுப்பதா, மருத்துவமனைக்குக் கிளம்புவதா என்று முடிவெடுக்கும் நேரத்தில் அக்குளில் வைத்து ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கும் மகள் தொலைபேசியில் பேரனுக்கு 38.7 என்கிறாள். இங்கே இருக்கும் எனக்கு அது எவ்வளவு என்றே புரிவதில்லை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: அங்கே செல்சியஸ் கணக்குதான் வழக்கம். 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்களுக்கு ஆளுக்கொரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கொடுத்து, நாள்தோறும் வெப்பத்தைப் பார்த்துக் குறிக்கச் செய்தார்கள். அந்தத் தலைமுறைக்கு 37, 38 என்ற எண்கள் மனப்பாடம். நீங்கள் 37 என்றால் 98.6, 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2, 40 என்றால் 104 என்று நான்கை மட்டும் குறித்துச் சமையலறை நாட்காட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் போதும். பேரனுக்கு இருப்பது ஏறத்தாழ 101.7. டிஜிட்டல் கருவிகள் பலவற்றில், பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் ஓர் அளவிலிருந்து மற்றதற்கு மாறும். தற்செயலாக அப்படி மாறிவிட்டதைக் கருவி கெட்டுவிட்டதாக எண்ணித் தூக்கி எறிந்தவர்களும் உண்டு.

கேள்வி: பேத்தி பிறந்து நாற்பது நாள் ஆகிறது. நேற்று மாலை உடம்பு சுட்டது, தெர்மாமீட்டரில் 100.6 இருந்தது. தாய்ப்பாலில் சூடு, அல்லது உரம் விழுந்திருக்கும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். காலையில் குறைந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு அச்சில் வரும்வரை காத்திராமல் உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காகவே இங்கே எழுதுகிறேன். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும், பால் குடித்தாலும், பிறகு குறைந்துவிட்டாலும் அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த வயதில் இரத்தத்திலும் சிறுநீரிலும் மூளை உறையிலும் ஏற்படும் கடுமையான கிருமித் தொற்றுகள்கூடக் காய்ச்சலைத் தவிர வேறு அடையாளம் காட்டாமல் இருக்க முடியும். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து அந்த ஓர் அடையாளத்தையும் மறைத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. அக்குளில் 99.5க்கும் 100.4க்கும் இடையில் இருந்தால், சுற்றியிருக்கும் கூடுதல் துணிகளைத் தளர்த்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள்.

ஆறு, பத்து, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளுக்குப் பிறகு ஓரிரு நாள் இலேசான காய்ச்சல் வருவது வழக்கம்தான்; அதைப் பற்றித் தடுப்பூசி போடும் செவிலியரே சொல்லியனுப்புவார். ஆயினும் குழந்தை பாலை மறுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, மூச்சு வேகமாக இருந்தாலோ ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.

பச்சிளம் குழந்தைக்கு வெப்பம் குறைவதும் காய்ச்சலுக்கு நிகரான ஆபத்து என்பதை நம் வீடுகளில் பலர் அறிந்திருக்கவில்லை. பிறந்த குழந்தைக்கு அக்குளில் 97.7 முதல் 99.5 வரை இருக்க வேண்டும். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகள், மழைக்காலத்தில் குளிப்பாட்டிய பிறகும், நள்ளிரவில் ஈரத் துணியில் கிடக்கும்போதும் விரைவாகக் குளிர்ந்துவிடுவார்கள். 97.7க்குக் கீழே போனால், டயப்பரும் தொப்பியும் மட்டும் அணிவித்து, தாயின் மார்போடு தோலில் தோல் படுமாறு அணைத்து, மேலே போர்வையால் மூடிப் பால் கொடுத்து, மீண்டும் அளந்து பாருங்கள். ஏறவில்லை என்றாலோ, 96க்கும் கீழே இருந்தாலோ, அதே அணைப்பில் வைத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. காய்ச்சல் 103ஐத் தாண்டினால் மூளையைப் பாதிக்கும், வலிப்பு வந்துவிடும் என்ற பயத்தில் இரவு முழுவதும் அரை மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பார்க்கிறேன். எத்தனை டிகிரியில் மருந்து கொடுக்க வேண்டும்?
– வாசகி, தர்மபுரி

பதில்: அம்மா, தூங்கும் குழந்தையைத் தூங்க விடுங்கள். கிருமித் தொற்றால் வரும் காய்ச்சல் 103, 104 வரை போவது உண்டு. அது மூளையைச் சேதப்படுத்துவதில்லை. 107க்கு மேல் போகும் கடும் வெப்பமே அவ்வாறு செய்யும். மூடிய காருக்குள் விட்டுச் செல்லப்பட்ட குழந்தை, உச்சி வெயிலில் மயங்கிய குழந்தை போன்றவர்களுக்கு ஏற்படும் அந்த வெப்பத் தாக்கு முற்றிலும் வேறு. நான்கு அல்லது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையும், மருந்து கொடுப்பதற்கு முன்பும் அளந்தால் போதும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலுடன் வலிப்பு வருகிறது. மருந்தை முன்கூட்டியே கொடுத்து அதைத் தடுத்துவிட முடிவதில்லை. ஆகவே விடிய விடிய அளந்துகொண்டிருப்பதால் பயனில்லை. வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கையில் சாவியையோ இரும்பையோ திணிக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் நின்றுவிடும். நிற்காவிட்டால் உடனே 108ஐ அழையுங்கள். நின்றாலும் முதல்முறை வந்த வலிப்பை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இத்தனை டிகிரியில் மருந்து என்று ஒரு கோடு கிடையாது. குழந்தை சோர்ந்து, வலியால் முனகி, குடிக்க மறுத்தால் 100.8இலும் கொடுக்கலாம், 102இலும் பொம்மையை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம். அளவில்தான் கவனம் தேவை. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு உச்ச அளவான 150 மில்லிகிராம் என்பது, 5 மில்லிக்கு 120 என்று எழுதியிருக்கும் சிரப்பில் சுமார் 6 மில்லி. 5 மில்லிக்கு 250 என்று எழுதியிருக்கும் சிரப்பில் 3 மில்லி. ஒரு மில்லிக்கு 100 உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. மூன்று புட்டிகளும் ஒரே நிறத்தில் ஒரே அலமாரியில் இருக்கும். சென்றமுறை எழுதித் தந்த மில்லி அளவை இம்முறை வாங்கிய புட்டிக்குப் பொருத்துவதால் நேரும் தவறு மிகப் பெரியது. நான்கு மணி நேர இடைவெளிக்குள் மறுபடி கொடுக்காதீர்கள். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேலும் வேண்டாம்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு மூன்று நாள் 103 வரை காய்ச்சல் இருந்தது. நான்காம் நாள் காலையில் 98.2. சரியாகிவிட்டது என்று எண்ணினோம். மாலையில் கைகால் சில்லிட்டு, வயிற்று வலி என்று துவண்டுவிட்டாள். டெங்கு என்று சொல்லி மருத்துவமனையில் சேர்த்து, இப்போது நலமாக இருக்கிறாள். தெர்மாமீட்டர் ஏன் எங்களை எச்சரிக்கவில்லை?
– வாசகர், சென்னை

பதில்: மகள் நலம் பெற்றதில் மிக்க மகிழ்ச்சி. உங்கள் கருவி சரியாகத்தான் காட்டியது. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் விடும் நேரத்தில்தான் தொடங்குகிறது. இரத்த நாளங்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுவதால் இரத்த ஓட்டம் குறைந்து, கைகால்கள் குளிர்ந்துபோகின்றன. எண் இயல்புக்குத் திரும்பிய அதே வேளையில் உடம்பு நெருக்கடிக்குள் போய்க்கொண்டிருக்கும். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் இதை நான் மறுபடியும் மறுபடியும் எழுதுவதற்குக் காரணம், காய்ச்சல் விட்ட நிம்மதியில் வீட்டிலேயே இருந்துவிட்டுத் தாமதமாக வரும் குழந்தைகளைக் காப்பாற்றப் பெரும்பாடு பட வேண்டியிருக்கிறது என்பதுதான்.

காய்ச்சல் இறங்கியதும் குழந்தை எழுந்து உட்கார்ந்து, பசி என்று கேட்டு, வழக்கம்போலச் சிறுநீர் கழித்தால் அது குணமாவதன் அடையாளம். இறங்கிய பிறகும் கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், சில்லிட்ட கைகால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, அளவு மீறிய சோர்வு அல்லது அமைதியின்மை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். டெங்கு பரவும் மாதங்களில் இபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகியவற்றை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்தே ஒரு தாளில் நேரம், அளவு, பார்த்த இடம், கொடுத்த மருந்து, குடித்த நீர், போன சிறுநீர் என்று எழுதி வாருங்கள். இது எத்தனையாவது நாள் என்ற கேள்விக்கு அந்தத் தாள் சொல்லும் விடை, டெங்குவில் மிகவும் பயன்படும்.

கேள்வி: பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை உதறும்போது கைதவறி உடைந்துவிட்டது. பாதரசம் உருண்டோடியது, துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். குழந்தைகளுக்கு ஏதும் ஆகுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒரு தெர்மாமீட்டரில் இருக்கும் பாதரசம் சுமார் அரை முதல் ஒரு கிராம்தான், சன்னலைத் திறந்து வைத்து அறையைச் சில நாள் காற்றோட்டமாக வைத்திருந்தால் பயப்படத் தேவையில்லை. அந்தத் துடைப்பத்தை மட்டும் இனிப் பயன்படுத்தாதீர்கள். கூட்டும்போது துளிகள் மேலும் சிறு துளிகளாகச் சிதறி, தரை இடுக்குகளில் புகுந்து, அறை வெப்பத்திலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். மூச்சில் போகும் அந்த ஆவிதான் தீங்கானது. வாயில் உடைந்து சிறிது விழுங்கிவிட்டால் பாதரசம் குடல் வழியாக உடம்பில் அதிகம் சேர்வதில்லை, கண்ணாடித் துண்டுகளைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இனி எங்கேனும் உடைந்தால், குழந்தைகளை வெளியே அனுப்பி, மின்விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்தி, சன்னலைத் திறவுங்கள். பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும் என்பதால் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டுக் கையுறை அணியுங்கள். விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் துளிகள் மின்னும். இரண்டு தடித்த அட்டைகளால் அவற்றை ஒன்றாகத் தள்ளிச் சேர்த்து, சொட்டுக் குழாயால் உறிஞ்சி, எஞ்சியதை ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுத்து, சிறிது தண்ணீர் உள்ள மூடியிட்ட புட்டியில் போட்டு இறுக மூடுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உடைந்த பாதரசத் தெர்மாமீட்டரை வீட்டு அபாயக் கழிவு என்றே குறிப்பிட்டன. புட்டியின் மேல் எழுதி ஒட்டி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றக் கூடாது, எரிக்கக் கூடாது.

உங்கள் மாவட்டத்துக்கு இதில் பெரிய அனுபவம் உண்டு. கொடைக்கானலில் இயங்கிவந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, பழைய பொருள் கடையில் குவிந்து கிடந்தது 2001இல் வெளிச்சத்துக்கு வந்து, அந்த ஆலை மூடப்பட்டது. உலக அளவிலும், பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. பாதரசத் தெர்மாமீட்டர் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த 2020ஐ அது கெடுவாக வைத்தது. இந்தியா 2018இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. வீட்டில் இன்னொரு பாதரசக் கருவி இருந்தால் உடையும்வரை வைத்திராமல் இப்போதே ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா? பேட்டரியை எப்போது மாற்றுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கொதிநீர் கூடாது, உள்ளிருக்கும் உறுப்புகள் கெட்டுவிடும். முனையைச் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவலாம், அல்லது ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து உலர விடலாம். வாயில் வைக்கும் கருவியும் ஆசனவாயில் வைக்கும் கருவியும் ஒன்றாக இருக்கக் கூடாது. அளவில் சந்தேகம் வந்தால், நீர் புகாத கருவியாக இருக்கும்பட்சத்தில், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் இன்னொரு நல்ல கருவியோடு பக்கத்தில் பக்கமாக முனைகளை மூழ்கவைத்துப் பாருங்கள். அரை டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வேறுபட்டால் மாற்றிவிடலாம்.

திரை மங்கினாலோ பேட்டரி அடையாளம் தோன்றினாலோ பேட்டரியை மாற்ற வேண்டும். பெரும்பாலானவற்றில் எல்.ஆர்.41 என்னும் பொத்தான் பேட்டரிதான் இருக்கும். ஒரு மாத்திரையைவிடச் சிறியது, பளபளப்பானது, தவழும் குழந்தையின் கைக்கு எளிதில் அகப்படுவது. பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் அப்படித்தான். ஆகவே கழற்றிய பழைய பேட்டரியை மேசைமேல் வைத்துவிட்டுப் புதியதைப் பொருத்தாதீர்கள். முதலில் அதை இருபக்கமும் நாடாவால் ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் மட்டுமே இருந்தாலும், வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்காமல், எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள்.